வெயிலின் ஓரத்தில் மாவுக் கோடு: செட்டிநாட்டு முற்றத்தில் முதல் முறை வரைய வருகிறவர்களுக்கு

இந்த ஓவியத்துக்குத் தேவையானவை மிகக் குறைவு. அரை கிலோ பச்சரிசி மாவு, ஒரு கைக்கடிகாரம், ஒரு தாள், ஒரு பென்சில், வானம் தெரியும் ஒரு முற்றம். வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவே தரையில் ஓர் ஓரம் விழுகிறது அல்லவா, அந்த ஓரத்தில் அரை மணிக்கு ஒரு முறை ஒரு கோடு மாவு இட வேண்டும். காலையில் தொடங்கி, வெயில் முற்றத்தை விட்டு ஏறிப் போகும்வரை. மறுநாள் எறும்பும் காற்றும் விளக்குமாறும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் முற்றத்தில் போய் உட்கார்ந்ததும் கேள்விகள் வரும். ஓரம் மங்கலாக இருக்கிறதே, எங்கே இடுவது? மேகம் மறைத்தால்? கோடு இட்டு முடிப்பதற்குள் வெயில் நகர்ந்துவிட்டால்? இந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைப்பதுதான் இந்த வகை ஓவியத்தின் பாதி வேலை. மீதிப் பாதி, எழுதியதற்கு நாள் முழுக்கக் கீழ்ப்படிவது. காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டை பக்கம் பழைய வீடு ஒன்றில் ஒரு பகல் இருக்க வாய்ப்புள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இப்படி விதியை வைத்து வரைவது எங்கிருந்து வருகிறது

கருத்துருக் கலை என்று இதைச் சொல்கிறார்கள். அமெரிக்க ஓவியர் சால் லெவிட் 1967இல் எழுதிய கட்டுரையில், கருத்துதான் கலையைச் செய்யும் இயந்திரம் என்றார். 1968இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சிச் சுவரில் நேரடியாகப் பென்சிலால் கோடுகள் வரைந்தார். காட்சி முடிந்ததும் அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த அவருடைய நூற்றுக்கணக்கான சுவரோவியங்களில் பெரும்பாலானவற்றை மற்றவர்கள்தான் வரைந்தார்கள். அவர் கொடுத்தது எழுத்தில் ஒரு செய்முறை. 2007இல் அவர் இறந்த பிறகும் அந்தச் செய்முறைகளைப் படித்துப் புதிய சுவர்களில் வரைகிறார்கள்.

அதே 1967இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் லாங் ஒரு புல்வெளியில் ஒரே நேர்கோட்டில் திரும்பத் திரும்ப நடந்தார். புல் மடிந்து ஒரு கோடு தெரிந்தது. அதைப் படம் எடுத்தார், அவ்வளவுதான். சீனாவில் சோங் தோங் 1995இலிருந்து ஒரு கல்லின்மேல் தண்ணீரால் நாட்குறிப்பு எழுதிவருகிறார்; எழுதி முடிப்பதற்குள் முதல் வரி காய்ந்துவிடும். நம் நாட்டில் நஸ்ரீன் முகமதியை அவசியம் பாருங்கள். 1937இல் கராச்சியில் பிறந்தவர், பரோடாவில் ஆசிரியராக இருந்தவர், 1990இல் மறைந்தார். மையும் பென்சிலும் கொண்டு அவர் இட்ட மெல்லிய கோடுகளை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தால், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். இந்த முற்றத்து ஓவியத்தில் உங்களுக்கு வேண்டியது அந்தக் கண்தான்.

இவ்வளவு தூரம் போவானேன், வாசலிலேயே கோலம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. புள்ளிக் கோலத்தில் விதி உண்டு; விதி தெரிந்தால் யாரும் இடலாம்; அடுத்த நாள் காலையில் அது இருக்காது. 1970களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் கோலங்களைக் கணினிக்கான இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் பொங்கலுக்கும் நல்ல காரியங்களுக்கும் அரைத்த மாவால் இடும் நடுவீட்டுக் கோலம் வேறு இருக்கிறது. நேர்கோடும் மூலையுமாக, ஒரு பூ கூட இல்லாமல் அவ்வளவு கட்டுப்பாடான வடிவம். ஆனாலும் நாம் செய்யப்போவதைக் கோலம் என்று சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. கோலத்துக்கு அதற்கென்று காரணமும் நாளும் இடமும் உண்டு. அதை இடுகிறவர்களுக்கு அது வழிபாடு, வரவேற்பு. நாம் அவர்களிடமிருந்து கற்க வேண்டியது கைப்பழக்கத்தை. அதை நன்றியோடு கற்றுக்கொள்வோம்.

முற்றம் கிடைப்பது

இங்கே வீடு முகப்பில் தொடங்கும். திண்ணையையும் பட்டாலை என்னும் முன்கூடத்தையும் தாண்டினால் வீட்டின் முதற்கட்டான வளவு. வளவின் நடுவே வானத்துக்குத் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், பத்தி என்னும் தாழ்வாரம். நமக்கு வேண்டியது அந்தத் திறந்த சதுரம்தான். பெரிய வீடுகளில் வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டிலும் ஒரு முற்றம் இருக்கும். முதல் முறை வரைகிறவர்களுக்கு அதையே சொல்வேன்: அளவு சிறியது, ஆள் நடமாட்டம் குறைவு.

ஆத்தங்குடியிலும் கானாடுகாத்தானிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்வையாளர்களை உள்ளே விடும் வீடுகள் உண்டு. அங்கே போய் வரையக் கேட்காதீர்கள், நாள் முழுக்க ஆள் வந்துபோகும் இடம். தங்கும் விடுதியாக மாற்றிய பழைய வீடுகளில் முன்கூட்டிக் கேட்டால் சில சமயம் இரண்டாங்கட்டை ஒதுக்கித் தருவார்கள். தெரிந்தவர் வீடு என்றால் இன்னும் நல்லது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர் இருப்பார்கள், சாவி வைத்திருப்பவர் ஒருவராக இருப்பார். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், பங்காளிகளில் ஒருவரிடமாவது தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். கேட்கும்போது சுற்றி வளைக்க வேண்டாம். "ஆச்சி, முற்றத்துல ஒரு நாள் அரிசி மாவுல கோடு போட்டுக்கலாமா? மறுநாள் நாங்களே கூட்டித் தண்ணி விட்டுத் தர்றோம்" என்று கேட்டால் போதும். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம், துக்கம் எதுவும் அந்த வாரத்தில் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

தரை என்னவென்று பாருங்கள். கருங்கல் என்றால் கவலையே இல்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் கவனம் வேண்டும். அது சூளையில் சுட்டது அல்ல; கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமென்டை ஊற்றி வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தியது. சிமென்ட் ஆகையால் புளி, எலுமிச்சை, கழிவறை ஆசிட் எதுவும் பட்டால் மேற்பரப்பு அரிக்கும். மஞ்சளும் காவியும் ஊறிப் பிடித்துக்கொள்ளும். வெறும் அரிசி மாவால் எந்தக் கெடுதியும் இல்லை. ஆகவே வண்ணம் சேர்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். இந்த ஓவியத்துக்கு வெள்ளை ஒன்றே போதும்.

வெயில் எப்படி நகர்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் விதி எழுத முடியாது. வரைவதற்கு முந்தின நாள் ஒரு பகல் சும்மா உட்கார்ந்து பாருங்கள். கையில் மாவு வேண்டாம்.

முற்றத்துக்கு மேலே கூரை விளிம்புகளுக்கு நடுவே உள்ள திறப்பு தரைக்கு இணையாக இருக்கிறது. சூரிய ஒளியும் ஏறக்குறைய இணைக் கதிர்களாகவே வருகிறது. அதனால் திறப்பு என்ன நீளம், என்ன அகலமோ, தரையில் விழும் வெயில் கட்டமும் அதே நீளம், அதே அகலம். காலையில் அது மேற்கே தள்ளி விழும், மாலையில் கிழக்கே தள்ளி விழும். சாய்ந்த வெயில் கோணலாக இழுபடும் என்று நினைத்திருப்பீர்கள். சுவரிலும் தூணிலும் ஏறும்போதுதான் அது கோணலாகும். தரையில் இருக்கும்வரை கட்டம் வடிவம் மாறாமல் நகர்கிறது. ஆக, நீங்கள் இடப்போகும் கோடுகள் எல்லாம் கூரை விளிம்புக்கு இணையான நேர்கோடுகள். கோடுகளின் வடிவத்தில் நீங்கள் தேர்ந்தெடுக்க எதுவுமில்லை. இடைவெளிதான் மாறும், அந்த இடைவெளிகளே இந்த ஓவியம்.

கூரை விளிம்பு 12 அடி உயரம், திறப்பு கிழக்கு மேற்காக 12 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் சித்திரை. காலை ஏறக்குறைய 9.15க்கு வெயில் முற்றத்துத் தரையின் மேற்கு ஓரத்தைத் தொடும். அங்கிருந்து கிழக்கு நோக்கி வரும். முதல் அரை மணியில் இரண்டரை அடிக்கு மேல் நகரும். நண்பகலை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, கடைசி அரை மணியில் ஒன்றரை அடிதான் நகரும். 12.15க்கு முற்றம் முழுக்க வெயில். அதன் பிறகு மேற்குக் கூரையின் நிழல் மேற்கு ஓரத்தில் இறங்கி, அதுவும் கிழக்கு நோக்கியே வரும். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. காலையில் வெயில் போன திசையிலேயே பிற்பகலில் நிழலும் போகிறது. ஆகவே காலைக் கோடுகள் கிழக்கே நெருங்கியும், பிற்பகல் கோடுகள் மேற்கே நெருங்கியும், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து விழும். மாலையில் மாடியிலிருந்து பார்த்தால் எந்தக் கோடு எந்த வேளையுடையது என்று கண்டுபிடிக்க முடியாது. எனக்கு இந்த ஓவியத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

மாதம் மாறினால் படம் மாறும். காரைக்குடி ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது வெயில் கட்டம் திறப்புக்கு நேர் கீழே அப்படியே விழும். ஆனியில் சூரியன் உச்சிக்கு வடக்கே போவதால் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஒரு மீட்டர் குச்சிக்கு 24 சென்டிமீட்டர் அளவுக்கு. மார்கழியில் நிழல் வடக்கே விழும். அதே குச்சிக்கு 66 சென்டிமீட்டர். 12 அடி உயரத் தென்கூரை மார்கழி நண்பகலில் 8 அடிக்கு நிழல் போடும் என்று அர்த்தம். உங்கள் முற்றம் தெற்கு வடக்காக 8 அடிக்குக் குறைவு என்றால் அன்று நண்பகல் வெயில் தரையைத் தொடவே தொடாது, வடக்குத் தூண்களில்தான் விழும். சிறிய முற்றம் கிடைத்தவர்கள் மார்கழியில் வந்து ஏமாற வேண்டாம்.

கடிகாரத்தின் 12 மணியையும் நம்ப வேண்டாம். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. காரைக்குடி அதற்குச் சுமார் 3.7 பாகை மேற்கே இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்றால் 15 நிமிடத் தாமதம். சித்திரையிலும் ஆவணியிலும் உண்மையான நண்பகல் 12.15ஐ ஒட்டி வரும். பிப்ரவரி நடுவில் 12.29, நவம்பர் தொடக்கத்தில் 12க்கு இரண்டு நிமிடம் முன்பு. நண்பகலை மையமாக வைத்து இரு பக்கமும் அரை மணி அரை மணியாக எண்ணினால்தான் காலையும் மாலையும் ஒன்றுக்கொன்று ஈடாக வரும்.

கடைசியாக, ஓரம். சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரைப் பாகை அகலத்துக்குத் தெரிகிறது. 12 அடி உயரத்திலிருந்து நேராக விழும் நிழலின் ஓரம் அதனால் ஒன்றேகால் அங்குலத்துக்கு மங்கலாக இருக்கும். காலை மாலைச் சாய்வில் அதைப்போல் இரண்டு மடங்கு. முற்றத்துக்கு மேலே திருட்டுப் பயத்துக்காகக் கம்பி போட்டிருப்பார்கள். அரை அங்குலக் கம்பியின் நிழல் தரைக்கு வந்து சேர்வதற்குள் கரைந்து ஒரு சாம்பல் தீற்றலாகிவிடும். அது உங்களைக் குழப்பாது. கூரை விளிம்பில் நாட்டு ஓடு வரிசை இருந்தால் ஓரம் மெல்லிய அலையாகத் தெரியும். மழைநீர் வடியும் தகரம் அடித்திருந்தால் நேராகத் தெரியும்.

விதியை எழுதுதல்

தாளை எடுத்து, நீங்கள் இல்லாதபோது இன்னொருவர் படித்துச் செய்யும்படி எழுதுங்கள். ஐந்தாறு வாக்கியம் போதும். எழுதியதை இந்த வேலையில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறாரோ அங்கே திருத்துங்கள்.

மங்கல் ஓரத்தில் எங்கே இடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முழு நிழல் முடியும் இடம், முழு வெயில் தொடங்கும் இடம், இரண்டுக்கும் நடு, மூன்றில் எதுவும் சரிதான். நடு என்று எழுதினால் ஒவ்வொரு முறையும் கண் தடுமாறும். முழு வெயில் தொடங்கும் இடம் என்பது கண்டுபிடிக்க எளிது. ஓட்டு அலையை வரைவதா, அலையின் முகடுகளைத் தொட்டு நேராக இடுவதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நேராக இடுங்கள் என்பேன். அலை அழகுதான், ஆனால் பார்ப்பவர் கண் ஓட்டுக்குப் போய்விடும், இடைவெளிக்கு வராது.

மேகம். உரிய நேரத்தில் வெயில் இல்லாவிட்டால் அந்தக் கோடு இல்லை, அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். பத்து நிமிடம் காத்திருந்து இடுவது, முந்தின கோட்டை வைத்து உத்தேசமாக இடுவது இரண்டும் வேண்டாம். விடுபட்ட கோடு அன்றைய வானம். யார் எவ்வளவு கெஞ்சினாலும் அதை நிரப்பாதீர்கள்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான கேள்விக்கு வருவோம். 15 அடிக் கோடு ஒன்றை மாவால் இட, பழகாத கைக்கு ஐந்து நிமிடம் ஆகும். காலை வேளையில் ஓரம் நிமிடத்துக்கு ஓர் அங்குலம் நகர்கிறது. நீங்கள் வடக்கு முனையில் தொடங்கித் தெற்கு முனைக்கு வரும்போது ஓரம் ஐந்து அங்குலம் தள்ளிப் போயிருக்கும். நண்பகலை ஒட்டி என்றால் மூன்று அங்குலம். ஓரத்தை விடாமல் தொடர்ந்து இட்டால் உங்கள் கோடு சாயும். சாய வேண்டாம் என்றால் இரண்டு பேர் இரு முனையிலும் ஒரே நேரத்தில் ஒரு புள்ளி வைத்து, நடுவே நூல் பிடித்து, நிதானமாக இட வேண்டும்.

இரண்டு வழியும் நேர்மையானவை. நூல் பிடித்து இட்டால் சூரியனின் கணக்கு துல்லியமாகக் கிடைக்கும். ஓரத்தைத் தொடர்ந்து இட்டால் சூரியனின் வேகமும் உங்கள் கையின் வேகமும் ஒரே கோட்டில் பதியும். கை பழகப் பழகக் கோடுகளின் சாய்வு குறைந்துகொண்டே வருவதும் தரையில் தெரியும். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் பரிந்துரைக்கிறேன். கூரையும் சூரியனும் மட்டும் வரைந்த படத்தில் வரைந்தவர் எங்கே? அந்தச் சில அங்குலச் சாய்வில்தான் இருக்கிறார். ஒன்று மட்டும்: எந்த முனையில் தொடங்குவது என்பதை எழுதி, நாள் முழுக்க அதே முனையில் தொடங்குங்கள். மாற்றி மாற்றித் தொடங்கினால் சாய்வுகள் எதிரெதிராக விழுந்து எதையும் படிக்க முடியாமல் போகும்.

ஒரு மாதிரி விதி கீழே. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

"காலை வெயில் முற்றத்துத் தரையைத் தொட்டது முதல், மாலை வெயில் தரையை விட்டு ஏறும்வரை. உச்சி வேளையை நடுவாக வைத்து அரை மணிக்கு ஒரு கோடு. முழு வெயில் தொடங்கும் இடத்தில், வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு, ஓரத்தை விடாமல் இடு. வெயில் இல்லாவிட்டால் இடாதே. இட்டதைத் திருத்தாதே, அழிக்காதே. பழைய கோட்டைத் தாண்டி நட; மிதித்துவிட்டால் மிதித்தபடியே விடு."

மாவு

கடையில் கோலப்பொடி என்று விற்பது பெரும்பாலும் கல்மாவு. விரலிலிருந்து நன்றாக இறங்கும், ஆனால் எறும்பு தின்னாது, தானாகப் போகாது. நமக்கு அரிசி மாவுதான். பலகார மாவு போல நைசாக இருந்தால் விரலில் அடைத்துக்கொள்ளும், காற்றில் பறக்கும். மில்லில் கோலத்துக்கு என்று சொல்லிப் பச்சரிசியைக் கொரகொரப்பாக அரைத்து வாங்குங்கள். ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள்.

பிடிப்பதை அந்த வீட்டு ஆச்சியிடமோ, பக்கத்து வீட்டில் தினமும் கோலமிடுகிறவரிடமோ கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்தில் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒரு சிட்டிகை மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, கட்டைவிரலை மெல்ல உருட்டி விட வேண்டும், கை தரைக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே இருக்க வேண்டும். உயர்த்தினால் கோடு அகலும், தாழ்த்தினால் திட்டாக விழும். முந்தின நாள் மாலை வாசல் ஓரத்தில் நீளமாக இட்டுப் பழகுங்கள். கை நகரும் வேகம் சீராக இருந்தால் போதும், கோடு தானாகச் சீராகும்.

ஆடிக் காற்றில் உலர்ந்த மாவு நிற்காது. அப்போது பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்து, மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். சிறு வெள்ளைத் துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் பிடித்து, மெல்லப் பிழிந்தபடி மோதிர விரல் வழியே இழையாக இறக்குவது பழக்கம். ஈரமாக இருக்கும்போது இழை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, காய்ந்த பிறகே வெளுக்கும். ஓரத்தை மட்டும் பார்த்து, போட்ட கோட்டைப் பார்க்காமல் போக இது நல்ல பயிற்சி.

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். முற்றத்தில் மழை கொட்டும்.

அன்றைய நாள்

முற்றத்தைக் கூட்டி, தண்ணீர் விட்டு, முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தில் உலர்மாவு விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். வெயில் தரையைத் தொடுவதற்கு அரை மணி முன்பே உட்கார்ந்துவிடுங்கள்.

எந்தப் பக்கம் நிற்பது என்பதில் பலரும் தடுமாறுவார்கள். நிழல் பக்கம் குளிர்ச்சி, அங்கேதான் நிற்கத் தோன்றும். ஆனால் நிழலில் ஓரத்தை ஒட்டி நின்றால் உங்கள் தோளும் தலையும் மேலே வெயிலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நிழல் சரியாக ஓரத்தின்மேல் விழுந்து அதை மறைக்கும். வெயில் பக்கம் நின்றால் உங்கள் நிழல் ஓரத்துக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். காலையிலும் மாலையிலும் வெயில் பக்கமே நின்று இடுங்கள். உச்சி வேளைக் கோட்டை மட்டும் நிழல் பக்கமிருந்து இடலாம். சித்திரைக் கருங்கல் 11 மணிக்கே சுடும். செருப்போடு வளவுக்குள் நடக்கக் கூடாது. கனமான பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது மடித்த சாக்கைப் போட்டு அதன்மேல் நின்று நகருங்கள். தலைக்கு ஒரு துண்டு. குடிக்கத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு கோட்டுக்கும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானம் எப்படி இருந்தது, இந்த மூன்றையும் தாளில் பென்சிலால் குறியுங்கள். தரையில் எண் எழுதாதீர்கள். இடைப்பட்ட நேரத்தில் கைபேசியைத் தொடாமல் இருந்தால் நிறையப் பார்க்கலாம். எறும்புகள் காலையில் இட்ட கோட்டுக்கே முதலில் வரும். அணில் வரும். வீட்டில் யாராவது தவறிக் குறுக்கே நடந்தால் ஒன்றும் சொல்லாதீர்கள். அது அவர்கள் வீடு. காலடி பட்ட இடமும் படத்தில் சேர்த்திதான்.

படம் எடுப்பதா வேண்டாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். லாங்கின் கோடு இன்று நமக்குத் தெரிவது ஒரு புகைப்படத்தால். அதனால் எடுக்காதே என்று சொல்ல மாட்டேன். கடைசிக் கோடு முடிந்த பிறகு மாடியிலிருந்து ஒரே ஒரு படம். நடுநடுவே எடுத்துக்கொண்டிருந்தால் கை கோட்டுக்காக வேலை செய்யாது, படத்துக்காக வேலை செய்யத் தொடங்கிவிடும்.

முற்றம் கிடைக்காதவர்களுக்கு

திண்ணையில் தூண் நிழல் போதும். மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, அதன் நிழல் நுனியில் அரை மணிக்கு ஒரு மாவுப் புள்ளி வைத்து வந்தாலும் போதும். மார்ச் 20ஐயும் செப்டம்பர் 22ஐயும் ஒட்டிய நாட்களில் அந்தப் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழும். மற்ற மாதங்களில் வளையும். மார்கழியில் ஒரு பக்கமாகவும் ஆனியில் மறுபக்கமாகவும். பள்ளி மாணவர்களோடு செய்ய இது மிகவும் ஏற்றது. மாவே இல்லையென்றால் குவளைத் தண்ணீரில் விரலைத் தோய்த்து வெயிற்கல்லில் ஒரு கோடு போடுங்கள், அது காய்ந்ததும் பக்கத்தில் அடுத்தது. அதற்குக் கடிகாரம் கூட வேண்டாம்.

மறுநாள்

இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். விடுதி என்றால் வேலை செய்கிறவர்களிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் விடியுமுன் கூட்டிவிடுவார்கள், அது அவர்கள் கடமை. காலையில் முதலில் மாடியில் ஏறி, எந்தக் கோடு எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத் தாளில் கடைசி வரியாக எழுதுங்கள். பிறகு உலர்மாவைத் தென்னை விளக்குமாற்றால் கூட்டி முறத்தில் அள்ளி, தோட்டத்தில் எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் கொட்டலாம். அரைத்த மாவுக் கோடு என்றால் வெறும் தண்ணீர் ஊற்றிக் கால் மணி ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும். சோப்புத்தூள், ஆசிட் எதுவும் வேண்டாம். முற்றத்து மூலையில் தண்ணீர் போகும் துவாரத்தில் மாவு அடைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

விதி எழுதிய தாளின் ஒரு படியை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர்கள் வேறொரு மாதத்தில் அதை எடுத்துச் செய்து பார்க்க நினைத்தால், நேரக் குறிப்புத் தாளையும் கேட்பார்கள். அதையும் படி எடுத்து வைத்திருங்கள்.